கோகிலாபுரம் ஊராய்வுகள்

கோகிலாபுரம் ஊராய்வுகள் என்பவை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள கோகிலாபுரம் என்னும் ஊரில் 1977, 1985, 1999 ஆகிய ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட பொருளியல் கள ஆய்வுகளைக் குறிக்கும். வி. கே. இராமச்சந்திரன், மதுரா சுவாமிநாதன், விகாஸ் ராவல் ஆகிய பொருளியலாளர்கள் இவற்றில் ஈடுபட்டனர். ஒரே ஊரின் நில உடைமை, கூலி உழைப்பு, கடன், பெண் தொழிலாளர் நிலை ஆகியவை 22 ஆண்டுக் காலத்தில் எவ்வாறு மாறின என்பதை இவ்வாய்வுகள் ஆராய்கின்றன. நீர்வளம் மிக்க ஓர் ஊரில் வேளாண்மை வளரும்போது, அவ்வளர்ச்சி நிலமற்றவர்களையும் சென்றடைகிறதா என்பதே இவற்றின் மையக் கேள்வி எனலாம். வளர்முக நாடுகளின் வேளாண்மை, நில உரிமை ஆகியவை பற்றிய பொருளியல் ஆய்வுகளில் தமிழ்நாட்டிலிருந்து அமைந்த குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டுகளுள் இவையும் அடங்கும்.

ஊரும் பள்ளத்தாக்கும்

கோகிலாபுரம், உத்தமபாளையம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சி ஆகும். முதலிரு ஆய்வுகளும் நடந்த காலத்தில் இவ்வூர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. மதுரை மாவட்டம் பிரிக்கப்பட்டு, 1997 சனவரி 1 முதல் தேனி மாவட்டம் செயற்படத் தொடங்கியது.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கில் மேற்குத் தொடர்ச்சி மலையும், கிழக்கில் மேகமலை, வருசநாட்டு மலைகளும் உள்ளன. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இங்குள்ள முக்கிய ஊர்கள். மலையின் மழைமறைவுப் பகுதியில் இருப்பதால், தென்மேற்குப் பருவமழை கேரளத்தின் பக்கம் பெய்யும் அளவுக்கு இங்குப் பெய்வதில்லை. எனினும் முல்லைப்பெரியாறு அணையிலிருந்து வரும் நீரால் இப்பள்ளத்தாக்கு செழிப்பான வேளாண் பகுதியாக விளங்குகிறது.

மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீரைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பும் இத்திட்டத்துக்காக 1886 அக்டோபர் 29 இல் திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதன்படி 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை வகுக்கப்பட்டது. 1970 இல் இது 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895 இல் பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் பெரும்பாலான பாசனப் பரப்பு வைகைக் கரையில் மதுரைப் பகுதியில் இருந்தாலும், நீர் வரும் வழியில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கும் பயன்பெற்றது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெற்சாகுபடிக்கு உரியதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. நெல்லுடன் தென்னை, வாழை, திராட்சை ஆகியவையும் பள்ளத்தாக்கில் பயிராகின்றன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

வாய்க்கால் நீர் பொதுப்பணத்தில் கட்டப்பட்ட அணையிலிருந்து வருவது. ஆயினும் அது பாயும் நிலம் தனியாருடையது. ஆகவே நீரால் விளையும் கூடுதல் வருமானம் முதலில் நன்செய் நிலத்தின் உடைமையாளரைச் சேர்கிறது. நிலமற்றவர்களுக்கு அது கூலி வழியாக மட்டுமே வந்து சேர முடியும். இதனாலேயே பாசனம் பெற்ற ஓர் ஊரில் நில உடைமையும் கூலியும் எவ்வாறு அமைந்துள்ளன என்பது பொருளியலில் முக்கியமான கேள்வியாகிறது.

நில உரிமைச் சட்டங்கள்

கோகிலாபுரம் ஆய்வுகளைப் புரிந்துகொள்ள, விடுதலைக்குப் பிந்தைய தமிழ்நாட்டின் நிலச் சட்டங்களை அறிவது தேவையாகும்.

இன்றைய தேனி மாவட்டப் பகுதியில் போடிநாயக்கனூர், கண்டமனூர் முதலிய சமீன்கள் இருந்தன. 1948 ஆம் ஆண்டின் சென்னை எசுடேட்டுகள் ஒழிப்புச் சட்டம் சமீன் முறையை நீக்கி, நிலங்களை இரயத்துவாரி முறையின்கீழ் கொண்டுவந்தது. இதன்படி பட்டாதாரர் நேரடியாக அரசுக்கு நிலவரி செலுத்துபவர் ஆனார். குத்தகை உழவரை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1955 இலும், நியாயமான குத்தகை அளவை வரையறுக்க 1956 இலும், குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன.

நில உச்சவரம்புச் சட்டம் 1961 இல் நிறைவேறியது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் 30 தரநிலை ஏக்கர் வரை வைத்துக்கொள்ள அச்சட்டம் இடமளித்தது. 1970 இல் இவ்வரம்பு 15 தரநிலை ஏக்கராகக் குறைக்கப்பட்டது. தரநிலை ஏக்கர் என்பது நிலத்தின் தன்மையையும் வரியையும் கொண்டு கணக்கிடப்படும் அளவு. நன்செய்யில் ஒரு தரநிலை ஏக்கருக்கு ஈடாகும் பரப்பு குறைவாகவும், புன்செய்யில் அதிகமாகவும் இருக்கும். இச்சட்டத்தின்கீழ் உபரியாக அறிவிக்கப்பட்டு வழங்கப்பட்ட நிலம், மாநிலத்தின் மொத்தச் சாகுபடிப் பரப்புடன் ஒப்பிடுகையில் சிறு பகுதியே ஆகும்.

நிலமற்றவர்களைப் பொறுத்தவரை வேறு இரண்டு சட்டங்கள் முக்கியமானவை. வேளாண் தொழிலாளரும் குத்தகை உழவரும் பிறர் நிலத்தில் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971 இல் கொண்டுவரப்பட்டது. வீட்டு மனை நிலவுடைமையாளருக்கு உரியதாக இருக்கும்வரை, அவர் அழைக்கும் வேலைக்குச் செல்ல மறுப்பது எளிதன்று. கடனுக்கு ஈடாக உழைப்பைக் கட்டிப்போடும் கொத்தடிமை முறை 1976 ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

குத்தகைச் சட்டங்களும் உச்சவரம்புச் சட்டமும் ஏற்கனவே இயற்றப்பட்டு, குடியிருப்பு, கொத்தடிமைச் சட்டங்கள் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் கோகிலாபுரத்தின் முதல் ஆய்வு நடைபெற்றது.

ஊராய்வு முறை

தமிழகத்தில் ஊராய்வு மரபு பழமையானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு கங்கைகொண்டான், இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, வடமலாபுரம் முதலிய ஊர்களை ஆராய்ந்து, 1918 இல் அவற்றை நூலாக வெளியிட்டார். இவ்வூர்கள் பிற்காலத்தில் மீண்டும் ஆராயப்பட்டன. பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் பதிப்பித்த மறு ஆய்வு நூல் 1940 இல் வெளியானது.

மாவட்ட, மாநிலப் புள்ளிவிவரங்கள் சராசரிகளைத் தருகின்றன. ஒரு குறிப்பிட்ட குடும்பம் எப்போது நிலத்தை இழந்தது, யாரிடம் கடன் வாங்கியது, அதற்கு என்ன வட்டி கொடுத்தது, ஆண்டில் எத்தனை நாள் வேலை பெற்றது என்பவற்றை அவை காட்டுவதில்லை. ஊராய்வில் குடும்பம் குடும்பமாக இவை கேட்டறியப்படுகின்றன. அதே ஊரைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராயும்போது, அதே குடும்பங்கள் மேலே சென்றனவா கீழே சென்றனவா என்பதையும் அறிய முடிகிறது.

இத்தகைய ஆய்வுகளில் குடும்பங்கள் நிலப்பரப்பை மட்டும் கொண்டு வகைப்படுத்தப்படுவதில்லை. குடும்பத்தினர் வயலில் தாமே உழைக்கின்றனரா, கூலிக்கு ஆள் வைக்கின்றனரா, பிறரிடம் கூலிக்குச் செல்கின்றனரா என்பவையும் கருதப்படுகின்றன. இரண்டு ஏக்கர் நன்செய்யைப் பிறர் உழைப்பால் பயிரிடும் குடும்பமும், இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு கூலிக்கும் செல்லும் குடும்பமும் பரப்பளவில் ஒன்றாக இருப்பினும் பொருளாதார நிலையில் வேறுபட்டவை.

1977 ஆய்வு: கூலி உழைப்பும் சுதந்திரமின்மையும்

முதல் ஆய்வை வி. கே. இராமச்சந்திரன் மேற்கொண்டார். இதன் அடிப்படையில் அவர் எழுதிய, "வேளாண்மையில் கூலி உழைப்பும் சுதந்திரமின்மையும்" எனப் பொருள்படும் ஆங்கில நூல் 1990 இல் ஆக்சுபோர்டின் கிளாரெண்டன் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. வேளாண் தொழிலாளர் வகுப்பு எவ்வாறு உருவாகிறது, அவர்களுக்கு எவ்வளவு வேலை கிடைக்கிறது, கூலி எவ்வடிவங்களில் கொடுக்கப்படுகிறது, அவர்கள் எந்த அளவுக்குச் சுதந்திரமானவர்கள் என்னும் கேள்விகளை இந்நூல் ஆராய்கிறது.

கூலி உழைப்பு பல வடிவங்களில் அமைகிறது. நாள் கணக்கில் கூலி பெறுவது ஒன்று. நடவு, அறுவடை போன்ற வேலைகளைக் குழுவாக மொத்தக் கூலிக்கு ஏற்றுச் செய்வது மற்றொன்று. நீண்ட காலத்துக்கு ஒரே உடைமையாளரிடம் பண்ணையாளாக இருப்பது மூன்றாவது. இவ்வடிவங்கள் ஒவ்வொன்றிலும் தொழிலாளிக்கும் உடைமையாளருக்கும் இடையிலான உறவு வேறுபடுகிறது.

முதலாளித்துவக் கூலித் தொழிலாளி இரு வகையில் "சுதந்திரமானவர்" என்பது கார்ல் மார்க்சின் கருத்து. தம் உழைப்புத் திறனை விரும்பியவரிடம் விற்கலாம் என்பது ஒன்று. நிலம் முதலிய உற்பத்திச் சாதனங்கள் எதுவும் அவரிடம் இல்லை என்பது மற்றொன்று. ஊர்ப்புறத்தில் இரண்டாவது நிலை உருவாகிவிட்டாலும் முதலாவது தானாக உருவாவதில்லை. முன்பணம், கடன், சாதிக் கட்டுப்பாடு, குடியிருப்பு மனை ஆகியவை தொழிலாளியை ஒருவரிடம் கட்டிப்போடக்கூடும். இக்கட்டு முழு அடிமைத்தனமாக இருக்க வேண்டியதில்லை. அழைத்தவுடன் அவர் வயலுக்கு முதலில் செல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பாகவும் அது இருக்கலாம். கூலி உழைப்பு பரவுவதும் சுதந்திரமின்மை நீடிப்பதும் ஒரே ஊரில் ஒருசேர நிகழக்கூடும் என்பதைக் காட்டியது இந்நூலின் பங்களிப்பாகும். சுதந்திரம் உண்டு அல்லது இல்லை என்று இரண்டாகப் பிரிக்காமல், அதன் அளவையும் வகைகளையும் ஆராய வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் கருத்தாகும்.

1985 ஆய்வு: வளர்ச்சியும் ஏற்றத்தாழ்வும்

மதுரா சுவாமிநாதன் 1985 இல் கோகிலாபுரத்தை மறு ஆய்வு செய்தார். 1977 இல் ஆராயப்பட்ட குடும்பங்களின் நிலையைப் புதிய தரவுகளுடன் ஒப்பிட்டு, செல்வப் பங்கீட்டிலும் நில உடைமையிலும் ஏற்பட்ட மாற்றங்களை அவர் ஆராய்ந்தார். இதன் முடிவுகள் 1988 இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழிலும், 1991 இல் டெவலப்மெண்ட் அண்ட் சேஞ்ச் இதழிலும் வெளியாயின.

இவ்விரு ஆய்வுகளுக்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஊரில் செல்வ ஏற்றத்தாழ்வு அதிகரித்தது என்பது அவருடைய முக்கிய முடிவாகும். வளர்ச்சியும் அதனுடன் ஊரின் இரு முனைகளுக்கு இடையிலான விலகலும் ஒருங்கே நிகழ்ந்தன.

நன்செய் நிலம் உயர்ந்த விலை கொண்டது. கூலியில் மிச்சம் பிடித்து அதனை வாங்குவது தொழிலாளர் குடும்பத்துக்கு அரிது. நோய், திருமணம், பயிரிழப்பு போன்ற நெருக்கடிகளில் சிறு உடைமையாளர் நிலத்தை விற்க நேர்ந்தால், அதை வாங்கும் வசதி ஏற்கனவே நிலம் உள்ளவருக்கே இருக்கும். கிணறு, மோட்டார் முதலியவற்றில் முதலிடுவோர் நீரையும் கட்டுப்படுத்துகின்றனர். இத்தகைய வழிகளில், சட்டத்துக்குப் புறம்பான எதுவும் நிகழாமலேயே நிலமும் செல்வமும் ஒருபக்கம் சேரக்கூடும்.

கடன்

நிலமற்றவர்களிடம் அடமானம் வைக்க நிலம் இல்லை. ஆகவே வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் வழங்கும் பயிர்க்கடன் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. எனவே அவர்கள் வட்டிக்கு விடுவோரையும் நிலவுடைமையாளரையும் நாடுகின்றனர். உடைமையாளரிடம் பெறும் கடன் கூலிப் பேரத்தையும் பாதிக்கிறது. இவ்வாறு கடன் பற்றிய கேள்வி சுதந்திரம் பற்றிய கேள்வியுடன் இணைகிறது.

1969 சூலை 19 இல் 14 வங்கிகளும், 1980 ஏப்ரல் 15 இல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கறவை மாடு, ஆடு போன்ற சொத்துக்களை வாங்க ஏழைக் குடும்பங்களுக்கு வங்கிக் கடனும் அரசு மானியமும் இதன்கீழ் வழங்கப்பட்டன. நில அடமானம் இன்றிக் கடன் பெற இது வழி செய்தது.

இராமச்சந்திரனும் மதுரா சுவாமிநாதனும் 2002 இல் ஜர்னல் ஆஃப் அக்ரேரியன் சேஞ்ச் இதழில் எழுதிய கட்டுரை, கோகிலாபுரத்தின் மூன்று ஆய்வுகளையும் ஒப்பிடுகிறது. 1977 க்கும் 1985 க்கும் இடையில் நிலமற்ற தொழிலாளர் குடும்பங்களின் கடனில் வங்கி முதலிய முறைசார் நிறுவனங்களின் பங்கு உயர்ந்தது. 1999 இல் அப்பங்கு மீண்டும் குறைந்து, தனியார் கடன் மேலோங்கியது. 1991 இல் நரசிம்மம் குழு அறிக்கையைத் தொடர்ந்து வங்கித் துறையில் செய்யப்பட்ட சீர்திருத்தங்களுடன் ஆய்வாளர்கள் இதனைத் தொடர்புபடுத்துகின்றனர்.

வங்கிக் கடன் வந்த காலத்திலும் குறைகள் இருந்தன. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் தமிழ்நாட்டு ஊரிலும் மேற்கு வங்க ஊரிலும் செயற்பட்ட முறையை மதுரா சுவாமிநாதன் 1990 இல் ஒப்பிட்டு எழுதினார். பயனாளிகளைத் தேர்ந்தெடுப்பதில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள் பங்கேற்ற மேற்கு வங்கத்தில், திட்டம் ஏழைகளை மேலும் சரியாகச் சென்றடைந்தது என்பது அவர் முடிவு.

பெண் தொழிலாளர்

1977 முதல் 1999 வரை கோகிலாபுரத்துப் பெண் தொழிலாளரின் வேலைநாட்கள், கூலி, வருவாய் ஆகியவற்றை இராமச்சந்திரன், மதுரா சுவாமிநாதன், விகாஸ் ராவல் ஆகியோர் சேர்ந்து ஆராய்ந்தனர். இக்கட்டுரை 2001 இல் திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்டது.

நெல் வேளாண்மையில் நடவும் களையெடுப்பும் பெண்கள் செய்யும் வேலைகள். உழவும் நீர்பாய்ச்சலும் ஆண்களின் வேலைகளாகக் கருதப்படுகின்றன. வேலைகள் இவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளதால், ஒரே வேலைக்குச் சமக் கூலி கோரும் 1976 ஆம் ஆண்டுச் சட்டம் வயலில் குறைவாகவே பயன்பட்டது. மேலும் நாள் கூலி உயர்வதாலேயே ஆண்டு வருவாய் உயர்ந்துவிடாது. வேலை கிடைக்கும் நாட்களின் எண்ணிக்கையும் கணக்கிடப்பட வேண்டும். நெல் நிலம் தென்னந்தோப்பாக மாறினால் உடைமையாளரின் வருமானம் கூடலாம். ஆனால் நடவு, களையெடுப்பு வேலைகள் அங்கு இல்லாமற் போகின்றன. பள்ளத்தாக்கின் தொழிலாளர் பலர் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

நில உடைமையில் பெண்களின் உரிமை தனிக் கேள்வியாகும். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989 இல் தமிழ்நாடு செய்த திருத்தம், குடும்பத்தின் மூதாதையர் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கை அளித்தது. 2005 இல் நாடு முழுவதற்கும் இத்தகைய திருத்தம் வந்தது. எனினும் பங்கிட நிலமே இல்லாத குடும்பத்தின் பெண்களுக்கு இதனால் பயன் இல்லை.

பிற ஆய்வுகளுடன் ஒப்பீடு

உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூர் 1957–58 முதல் பல தடவை மறு ஆய்வு செய்யப்பட்ட ஊராகும். இந்தியாவில் ஒரே ஊரை நீண்ட காலம் தொடர்ந்து ஆராய்ந்ததற்கு அது பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

மாநில அளவிலான தரவுகளைக் கொண்ட ஆய்வுகளும் கோகிலாபுரத்தின் முடிவுகளுடன் ஒப்பிடத்தக்கவை. திமோத்தி பெசுலியும் இராபின் பர்கெசும் 2000 இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய மாநிலங்களில் குத்தகைச் சீர்திருத்தமும் இடைத்தரகர் ஒழிப்பும் ஊரக வறுமையைக் குறைத்தன என்றும், உச்சவரம்புச் சட்டங்களுக்கு அத்தகைய விளைவு காணப்படவில்லை என்றும் கூறுகிறது. வங்கியுள்ள ஊரில் ஒரு கிளை திறக்க, வங்கியில்லாத நான்கு ஊர்களில் கிளை திறக்க வேண்டும் என்ற விதி 1977 முதல் 1990 வரை இருந்தது. இக்கிளை விரிவு ஊரக வறுமையைக் குறைத்தது என்று பர்கெசும் ரோகிணி பாண்டேயும் 2005 இல் எழுதினர். கோகிலாபுரத்தில் வங்கிக் கடன் உயர்ந்து தாழ்ந்த காலக்கோட்டுடன் இது ஒத்துச் செல்கிறது.

வரம்புகள்

ஓர் ஊரின் முடிவுகளை மாநிலம் முழுவதற்கும் பொதுமைப்படுத்த இயலாது. ஆற்றுப்பாசனம் பெறும் கோகிலாபுரத்தின் நிலை, அதே மாவட்டத்தின் ஆண்டிபட்டி வட்டாரத்து மானாவாரி ஊர்களின் நிலையிலிருந்து வேறுபடும். ஆய்வு ஆண்டுகளுக்கு இடையே நிகழ்ந்த ஏற்ற இறக்கங்கள் தரவுகளில் தெரிவதில்லை. ஊரை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மறு ஆய்வில் விடுபடக்கூடும். அவ்வாறு வெளியேறியவர்கள் முன்னேறிச் சென்றவர்களா, வாழ வழியின்றிச் சென்றவர்களா என்பதைப் பொறுத்து முடிவுகளின் பொருளும் மாறும்.

பிற்காலம்

கோகிலாபுரத்தில் பின்பற்றப்பட்ட முறை பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமாக அமைந்தது. இராமச்சந்திரன் உள்ளிட்டோர் 2003 இல் வேளாண் ஆய்வுகளுக்கான அறக்கட்டளையை நிறுவினர். இந்தியாவின் வேளாண் உறவுகள் பற்றிய அதன் ஊராய்வுத் திட்டம் 2005–06 இல் ஆந்திரப் பிரதேசத்து ஊர்களில் தொடங்கிப் பல மாநிலங்களுக்கு விரிந்தது.

1999 க்குப் பின்னரும் நிலக் கேள்வி முடிந்துவிடவில்லை. நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு 2 ஏக்கர் வரை தரிசு நிலம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2006 இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஒரு வேளாண் கைப்பற்றின் சராசரிப் பரப்பு 1970–71 இல் 1.45 எக்டேராக இருந்து, 2015–16 இல் 0.75 எக்டேராகக் குறைந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் சுமார் 42 இலட்சம் உழவரும் சுமார் 96 இலட்சம் வேளாண் தொழிலாளரும் இருந்தனர். அதாவது நிலத்தை உழுபவராகப் பதிவானவர் ஒருவருக்கு, பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவர் இருவருக்கு மேல் இருந்தனர். இந்நிலையில் வேளாண் வளர்ச்சியை விளைச்சலைக் கொண்டு மட்டும் அளவிடாமல், வேலைநாட்கள், கூலி, கடன், வேலையை மறுக்கும் உரிமை ஆகியவற்றையும் கொண்டு அளவிடும் கோகிலாபுரம் ஆய்வுகள் தொடர்ந்து பயன்படும் முன்னோடியாக உள்ளன.